பந்தைப் பிடித்த கை

பொத்துவிலுக்கு அப்பால்,
செப்டெம்பர் 14

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நான் சுகம். உம்மாவின் சீனி வருத்தம், மச்சானின் இடுப்பு வலி, உங்கள் செல்ல மகள் அப்னாவின் ஓயாத வாய் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள்.

கையில் போன் இருக்க இவளுக்கு என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். பாடத்தைப் பற்றிக் கேட்டால் "அடுப்பில கறி இரிக்கி" என்று போனை வைத்துவிடுகிறீர்கள். வட்ஸ்அப்பில் கேட்டால் இரண்டு நீலக் கோடு விழும், பதில் விழாது. கடிதத்தை அப்படிக் கட் பண்ண ஏலாது பாருங்கள்.

விஷயம் இதுதான். போன ஞாயிறு சந்திர கிரகணம் வந்ததே, இங்கே பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை வைத்தார்கள். சரி, சூட்டோடு சூடாக எட்டாம் வகுப்பில் சந்திரன் பாடத்தை எடுப்போம் என்று போனேன். வேறு எதைக் கொண்டு போவேன், உங்கள் நோட்ஸைத்தான். கல்முனையில் தொடங்கி இந்தக் கடைசி பஸ் திரும்பும் ஊர் வரைக்கும் பிள்ளைகள் கையில் இருப்பது முனவ்வறா டீச்சர் நோட்ஸ்தானே. 'பூமியின் நிழல் நிலவின் மீது விழுவதால் பிறை தேய்ந்து வளர்கிறது' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், ஸம்றா என்று ஒரு குட்டி எழும்பி நிற்கிறாள்.

"டீச்சர், அண்டைக்கு நிழல் விழுந்தது பதினாலாம் பிறையிலதானே? அது கொஞ்ச நேரத்தில போயிட்டு. தலைப்பிறையை நாம சூரியன் மறையிற வயல் பக்கம்தானே பாக்கிற? சூரியன் அங்கால நிண்டா பூமிட நிழல் இங்கால, கடல் பக்கம்தானே விழும்? மறுகா எப்பிடி டீச்சர் தலைப்பிறையில நிழல்?"

"நாளைக்குச் செல்றன் மகள், இரி" என்றேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

நினைவிருக்கிறதா ராத்தா? எட்டாம் வகுப்பில் உங்களிடம் படிக்கும்போது நானும் இதைத்தான் கேட்டேன். முழு வகுப்பும் பார்க்கக் கன்னத்தில் ஒன்று போட்டீர்கள். அடி நல்லாக நினைவிருக்கிறது, பதில்தான் நினைவில்லை. அதை இப்போதாவது எழுதி அனுப்புங்கள், நன்மை கிடைக்கும்.

உங்கள் தங்கச்சி
றிபா

*

சாய்ந்தமருது,
செப்டெம்பர் 29

அன்புத் தங்கச்சி றிபாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கே எல்லோரும் நலம். உம்மா இருந்தாற்போல் "புள்ள தனியக் கிடக்காள், என்னத்தைத் திண்டாளோ" என்று தொடங்கிவிடுகிறார். அவர் கையால் இடித்த மாசிச் சம்பலை பஸ்ஸில் கொடுத்து விட்டிருக்கிறேன். மச்சான் உன்னைக் கேட்டதாகச் சொன்னார். அப்னா நாட்டில் உள்ள எல்லாவற்றையும் 'ஏன்' என்று கேட்டு என் உயிரை எடுக்கிறாள்.

நோட்ஸில் உள்ளதை எழுது, அதைப் பாடமாக்கச் சொல். அதைப் படித்த பிள்ளைகள் இன்றைக்கு டொக்டராகவும் இன்ஜினியராகவும் இருக்கிறார்கள், நீயும் டீச்சராகி நிற்கிறாய். குட்டிகளின் வாய்க்கெல்லாம் பதில் சொல்லப் போனால் வருஷம் முடிந்துவிடும், பாடம் முடியாது. ஒன்று சொல்கிறேன், காதில் போட்டுக்கொள். வாத்தியார் ஒரு தரம் தடுமாறினால் பிள்ளைகள் ஆயுசுக்கும் ஏறி மிதிப்பார்கள்.

அங்கே நுளம்பு கூட என்று கேள்விப்பட்டேன். வலை கட்டிப் படு.

துஆக்களுடன்
ராத்தா

*

பொத்துவிலுக்கு அப்பால்,
ஒக்டோபர் 9

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறேன், அதைவிடச் சந்தோஷமாக இருக்கிறேன். மாசிச் சம்பலை போர்டிங்கில் உள்ளவர்கள் வழித்து நக்கிவிட்டார்கள். உம்மாவுக்கு ஸலாம். மருந்தை ஒளிக்கிறாரா என்று தலையணைக்குக் கீழே பாருங்கள்.

கோபிக்கக் கூடாது. நோட்ஸில் உள்ளதைப் பாடமாக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பிள்ளையின் கேள்வி தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. அதனால் உங்கள் கடிதம் வருமுன்பே, தலைப்பிறை கண்ட நாளிலிருந்து, பொழுது படும் மஃரிபு நேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள வயல் வரம்பில் போய் நின்றேன். மழை மூடிய நாட்களைத் தவிர எல்லா நாளும் பார்த்தோம். பிறை ஒவ்வொரு நாளும் சூரியனை விட்டுத் தள்ளித் தள்ளிப் போகிறது, தள்ளத் தள்ளப் பெருக்கிறது. கடைசி நாள் சூரியன் வயலில் இறங்க, நிலவு முழுசாகக் கடலிலிருந்து ஏறியது. நடுவில் நாங்கள். ஸம்றா துள்ளிக் குதிக்கிறாள்: "டீச்சர், நிழல் விழுற எண்டா இண்டைக்குத்தானே விழணும்! இண்டைக்குத்தான் முழுசா இரிக்கி!"

மறுநாள் வகுப்பு ஜன்னலைச் சாத்தி, டோர்ச்சைச் சூரியனாக்கி, ஒரு டெனிஸ் பந்தை நிலவாக்கி, ஒவ்வொரு பிள்ளையையும் பந்தைப் பிடித்துச் சுற்ற வைத்தேன். பந்தில் எப்போதும் பாதிக்கு வெளிச்சம். அந்தப் பாதியில் நமக்கு எவ்வளவு தெரிகிறதோ அதுதான் பிறை. பூமியின் நிழலுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை, கிரகணத்தன்று மட்டும்தான். இவ்வளவுதான் ராத்தா! நோன்புக்கும் பெருநாளைக்கும் அண்ணாந்து அண்ணாந்து பார்த்த நமக்கு இது தெரியாமல் போய்விட்டதே! கல்வியியற் கல்லூரியில் எப்படிப் படிப்பிப்பது என்று கிளிப்பிள்ளைக்குப் போலச் சொல்லித் தந்தார்கள். படிப்பிக்கிற விஷயம் உனக்கே தெரியுமா என்று ஒருவரும் தோண்டிக் கேட்கவில்லை.

உங்களுக்கு மட்டும் ஒரு ரகசியம். அதிபரிடம் எழுத்தில் அனுமதி வாங்கவில்லை, கேட்டால் விட்டிருக்க மாட்டார். தாய்மாரிடம் மட்டும் கேட்டேன். ஸம்றாவின் உம்மா லைலா ஒவ்வொரு நாளும் எங்களுடன் வந்து நின்றார்.

இன்னொன்று. நம் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான பரீட்சை வருகிறதே, விஞ்ஞான வினாத்தாள் உங்கள் கையில்தானே. பிறைக் கேள்வி வந்தால் விடையைத் திருத்திவிடுங்கள். நோட்ஸிலும் அந்த ஒரு வரியை அடித்துவிட்டால் போதும், உங்கள் கைபட்டால் ஊரே ஏற்றுக்கொள்ளும்.

முத்தங்களுடன்
றிபா

*

சாய்ந்தமருது,
ஒக்டோபர் 20

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். அனைவரும் நலம். உம்மாவின் தலையணைக்குக் கீழே பார்த்தேன், நீ சொன்னது சரி, எட்டுக் குளிசை கிடந்தது.

வினாத்தாள் விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அதை யோசிக்க வேண்டாம், ஒருவரிடமும் கதைக்கவும் வேண்டாம். அக்கா தங்கச்சிக்குள் இருக்கட்டும்.

மழை தொடங்கிவிட்டது, வரம்புப் பக்கம் போகாதே. பாம்பு பூச்சி இருக்கும்.

துஆவுடன்
ராத்தா

*

பொத்துவிலுக்கு அப்பால்,
நவம்பர் 6

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகமா? நான் சுகமென்றுதான் சொல்ல வேண்டும்.

வினாத்தாளில் பிறைக் கேள்வி வந்தது. விடைத்திட்டத்தில் 'பூமியின் நிழல்' என்று இருக்கிறது. கண்ணால் பார்த்ததை எழுதிய என் பிள்ளைகளுக்கெல்லாம் அதில் பூச்சியம். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் நோட்ஸைப் பார்க்காமல் ஒப்புவித்து முழுப் புள்ளியும் எடுத்துவிட்டார்கள். ஸம்றாவின் வாப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து கத்தினார்: "கல்முனை டீச்சர் ஒண்டு செல்றா, இவ ஒண்டு செல்றா. இவக்கிட்ட என்ட புள்ளைக்கு விஞ்ஞானம் வேணாம்!" அதிபரும் அதையே யோசிக்கிறார். என் கையிலிருந்து விஞ்ஞானத்தைப் பறித்துவிடுவார்கள் போலிருக்கிறது ராத்தா. அது போனால் எனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது?

உங்களுக்குத் தெரியாமல் வேறு யாராவது விடைத்திட்டத்தை மாற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படித்தானே? பதினெட்டாம் திகதி கல்முனையில் விஞ்ஞான ஆசிரியர் கூட்டம். நான் எழும்பிக் கேட்கப் போகிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்து "ஓம், விடை பிழை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வகுப்பு எனக்கு மிஞ்சும்.

பதிலை எதிர்பார்க்கும்
றிபா

*

பொத்துவிலுக்கு அப்பால்,
நவம்பர் 24

ராத்தாவுக்கு,

ஸலாம். உம்மாவுக்கு நான் சுகமென்று சொல்லுங்கள். உங்களுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

போன கடிதத்துக்குப் பதில் வராததைத் தபாலின் தலையில் போட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்தேன். பையில் பந்தும் டோர்ச்சும். என்னைக் கண்டதும் உங்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பினீர்கள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நான் எழும்பி, விடை பிழை, காட்டித் தருகிறேன் என்று பந்தை எடுத்தேன். நீங்கள் எழும்பினீர்கள். அல்ஹம்துலில்லாஹ், ராத்தா எழும்பிவிட்டார் என்று நினைத்தேனே, அதை நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

"கல்விப் பணிப்பாளர் அவர்களே, பந்து விளையாட்டை மறுகா பாப்பம். மஃரிபு நேரம் குமருப் பிள்ளைகளைக் கொண்டுபோய் வயல் வரம்பில நிப்பாட்ட இந்த டீச்சருக்கு யாரு அனுமதி குடுத்த? அதை முதல்ல கேளுங்க."

இந்த டீச்சர்! ஒரே பாயில் படுத்து வளர்ந்த நான் உங்களுக்கு இந்த டீச்சர்! அனுமதி வாங்காதது உங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் என்று எழுதினேன். அதை எடுத்து என் கழுத்தில் வைத்தீர்கள். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் யார் நிலவைப் பற்றிக் கதைத்தார்கள்? வரம்பு, மஃரிபு, குமர் என்றே கூட்டம் முடிந்தது. பந்து என் கையில் அப்படியே இருந்தது.

மறுநாளே எட்டாம் வகுப்பு விஞ்ஞானத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் உங்கள் நோட்ஸைக் கொண்டுதான் வகுப்புக்குப் போகிறார். எனக்கு நூலகச் சாவி. ஸம்றா என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள், அவள்தான் குற்றம் செய்தது போல.

அன்றைக்குக் கூட்டத்திலிருந்து திரும்பும்போது பஸ் நம் ஒழுங்கை முனையில் நின்று ஆள் ஏற்றியது. உம்மா இருக்கும் வீடு. நான் இறங்கவில்லை.

றிபா

*

சாய்ந்தமருது,
டிசம்பர் 19

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம், நீயும் அப்படி இருக்க துஆச் செய்கிறேன். மாரி மழையில் கிணற்றடிச் சுவர் விழுந்துவிட்டது. மச்சான் ஆள் பிடித்துக் கட்டுகிறார். அப்னா வகுப்பில் மூன்றாவதாக வந்திருக்கிறாள். உம்மாவின் சீனி இறங்கியிருக்கிறது.

உன் கடிதத்தை வாசித்தேன். நாலு புள்ளிக் கேள்விக்காக அத்தனை பேர் நடுவில் கூடப் பிறந்தவளைக் கூனி நிற்க வைக்கப் பார்த்தாய். அது உனக்குப் பெரிதாகத் தெரியவில்லையா? நான் உன்னைச் சின்னதாகத் தட்டினேன், நீ என்னை அடியோடு வெட்ட வந்தாய். பெண் பிள்ளைகளின் பேர் கெட்டால் யார் பொறுப்பு? உன் நன்மைக்குத்தான் சொன்னேன். நூலகம் நல்ல வேலை, வெயில் இல்லை, சத்தம் இல்லை. ஒரு வருஷம் பொறுத்திரு, ஊருக்கு இடமாற்றம் எடுத்துத் தருகிறேன்.

பாரைக் கருவாடு அனுப்பியிருக்கிறேன்.

துஆவுடன்
ராத்தா

*

பொத்துவிலுக்கு அப்பால்,
ஜனவரி 18

ராத்தாவுக்கு,

ஸலாம். கருவாட்டை போர்டிங்கில் கொடுத்துவிட்டேன்.

நான் இதுவரை ஒரு சமாதானம் வைத்திருந்தேன். ராத்தாவுக்குத் தெரியாது, பாவம், அவரும் பழையதைப் படித்தவர், தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பயந்துவிட்டார் என்று. அந்தச் சமாதானமும் போன வெள்ளியோடு போய்விட்டது.

வீரமுனையிலிருந்து கேதீஸ்வரி மிஸ் வந்திருந்தார். ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர், தன் புத்தகங்களை எங்கள் நூலகத்துக்குக் கொடுக்க வந்தார். என் மேசையில் டெனிஸ் பந்தைக் கண்டு என்ன என்று கேட்டார். சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் சிரித்தார்.

"இந்தப் பந்துப் பாடத்தை நான் கல்முனையில செமினார் வச்சுக் காட்டினனான் பிள்ளை. எல்லா டீச்சர்மாரும் நிழல் எண்டுதான் சொல்லிக்கொண்டு வந்தவை. முன்னுக்கு வந்து பந்தைப் பிடிச்சது சாய்ந்தமருதுப் பிள்ளை ஒண்டு, முனவ்வறா. புதுசாக் கலியாணம் முடிச்சு, கை நிறைய மருதோண்டி. நான் சொல்லமுன்னமே 'அப்ப நிழல் இல்ல மிஸ், நாம பாக்கிற பக்கம்தான் மாறுது' எண்டு சொல்லிப்போட்டா. கெட்டிக்காரி. உங்களுக்கு அவவைத் தெரியுமோ?"

தெரியும் என்றேன்.

உங்கள் கல்யாணத்தின்போது நான் ஏழாம் வகுப்பு. எனக்கும் மருதோண்டி இட்டது நீங்கள்தான். அடுத்த வருஷம் எட்டாம் வகுப்பில் நான் எழும்பிக் கேட்டேன். நான் பிழையாகக் கேட்டதால் அடித்தீர்கள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நான் சரி என்று தெரிந்துகொண்டுதான் அடித்திருக்கிறீர்கள்!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் ராத்தா, முழு நிலவை எதில் மறைத்தீர்கள்? அந்த அடிக்குப் பிறகு நான் எந்த வகுப்பிலும் கேள்வி கேட்கவில்லை. கல்லூரியில் கூட. சொன்னதை எழுதினேன், எழுதியதை ஒப்புவித்தேன், அதற்குச் சான்றிதழும் தந்தார்கள். வானத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஒரு பிள்ளையை நீங்கள் என்னிடமிருந்து எடுத்துவிட்டீர்கள். ஸம்றா எழும்பி நின்றிருக்காவிட்டால் அவளை நான் திரும்பக் கண்டே இருக்க மாட்டேன்.

பெருநாளைக்கு நான் வரமாட்டேன். உம்மாவுக்கு என்ன காரணம் சொல்வதென்று நீங்களே யோசியுங்கள். காரணம் கண்டுபிடிக்க உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

றிபா

*

சாய்ந்தமருது,
மார்ச் 1

றிபா,

ஸலாம். நோன்பு பிடிக்கிறாயா, சஹருக்கு எழுப்ப ஆள் இருக்கிறதா என்று உம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறார். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

அந்த நோட்ஸ் புத்தகத்தை வாப்பா எப்படி அச்சடித்துத் தந்தார் என்று உனக்குத் தெரியும். கடலுக்குப் போகிற மனுஷன் வலையை விற்றார். என் பேர் போட்ட அட்டையைப் பள்ளிவாசல் படியில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். செமினார் நடந்தபோது புத்தகம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு வரி பிழை என்றால் மற்ற வரிகள் எப்படி என்று கேட்பார்கள். பிறகு சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு நீ எழும்பிக் கேட்டாய். பிறகு இத்தனை வருஷமாகிவிட்டது. இனி யாரிடம் போய் என்ன சொல்ல?

நோன்புப் பிறை பார்க்க அப்னா மச்சானோடு வயல் பக்கம் போய்வந்தாள். வந்ததும் வராததுமாகக் கேட்கிறாள்: "உம்மா, பிறை ஏன் சூரியன் பக்கத்திலேயே நிக்கிது? நிழல் எப்பிடி அங்க போன?" என் கை ஓங்கிவிட்டது, றிபா. அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். நான் அடிக்கவில்லை. எழும்பிக் கஞ்சி ஆற்றப் போய்விட்டேன்.

அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீ பெருநாளைக்கு வா. வந்து நீயே சொல்லிக் கொடு.

ராத்தா

*

பொத்துவிலுக்கு அப்பால்,
மார்ச் 8

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு பிடிக்கிறேன், சஹருக்கு எழும்புகிறேன் என்று உம்மாவிடம் சொல்லுங்கள்.

வாப்பாவின் வலையை எனக்கும் தெரியும். ஓட்டை விழுந்த வலையை அவர் ஒரு நாளும் கடலில் இறக்கியதில்லை, கரையில் உட்கார்ந்து பின்னிவிட்டுத்தான் போவார்.

நான் வந்து சொல்லமாட்டேன். கூட்டத்தில் நீங்கள் எழும்பிச் சொல்ல வேண்டும் என்று இனிக் கேட்கவும் மாட்டேன். என் வகுப்பு போனது போனதுதான். ஊருக்குச் சொல்ல வேண்டாம், பணிப்பாளருக்குச் சொல்ல வேண்டாம். அப்னா ஒருத்திக்குச் சொல்லுங்கள். ஒரு பந்தையும் டோர்ச்சையும் எடுத்து, அன்றைக்குப் பிடித்த கையால் திரும்பப் பிடித்து அவளுக்குக் காட்டுங்கள். நான் பிழையாகச் சொல்லிக் கொடுத்தேன் மகள் என்று அவளிடம் ஒரு தரம் சொல்லுங்கள். பார்த்தேன் என்று அவள் எனக்கு எழுதட்டும். அடுத்த பஸ்ஸில் நான் ஏறிவிடுவேன், பழையதை வாயில் எடுக்கமாட்டேன். அல்லாஹ் சாட்சி.

றிபா

*

சாய்ந்தமருது,
மார்ச் 15

என் அன்புள்ள றிபா சாச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கும் துஆக் கேட்கிறேன். வாப்பாவும் சுகம். உம்மம்மாவும் சுகம், ஆனால் நோன்பு திறந்ததும் ஒளிச்சு ஒளிச்சு வட்டிலப்பம் சாப்பிடுகிறா.

உம்மா எனக்குப் பந்தும் டோர்ச்சும் வைத்துப் பிறை எப்படி வருகிறது என்று காட்டித் தந்தார். தான் முன்பு பிழையாகச் சொல்லிக் கொடுத்ததாகவும் சொன்னார். எனக்கு நன்றாக விளங்கியது. ஆகவே நீங்கள் பெருநாளைக்குக் கட்டாயம் வர வேண்டும்.

சாச்சி, இதுவரைக்கும் உம்மா பக்கத்தில இருந்து சொல்லச் சொல்ல எழுதினது. உம்மா இப்ப கஞ்சிக்குப் போயிட்டா, கடிதத்தை ஒட்டி வைக்கச் சொன்னா. இனி நானே எழுதுறன். பெருநாளைக்கு எனக்கு நீலக் கலர் உடுப்பு, கையில முத்து வச்சது. உங்களுக்கும் உம்மா ஒண்டு எடுத்து வச்சிரிக்கா. நீங்க வந்தா ரெண்டு பேரும் பிறை பாக்கப் போவம். பிறை ஏன் அப்பிடி எண்டு நீங்க சொல்லித் தருவீங்க எண்டு வாப்பா சொன்னார்.

வரக்குள்ள ஒரு பந்து வாங்கிட்டு வாங்க சாச்சி. எங்கட வீட்டில பந்து இல்ல.

இப்படிக்கு
அப்னா